வயிற்றுப் பங்கு

நெட்டூத்தில் மான்கறி தின்ற நூற்றுப் பன்னிரண்டு பேருடைய வயிறும் ஒரே நேரத்தில் குட்டிமான் குரலில் கத்த ஆரம்பித்தது, ரேஷன் கடையில் சீனி போட்ட ஒரு புதன்கிழமை காலையில். வரிசையில் நின்றவர்கள் முதலில் முன்னால் நிற்பவரைப் பார்த்தார்கள், பிறகு பின்னால் நிற்பவரைப் பார்த்தார்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் குனிந்து தங்கள் தொப்புளைப் பார்த்தார்கள், எடை போடுகிறவர் "வாயுவா இருக்கும், ஓமத்தண்ணி குடிங்க" என்றார், சொல்லி வாயை மூடுமுன் அவர் வயிறும் ‘ம்யீ’ என்று ஒரு கத்துக் கத்தியது, அவர் அதைத் தட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த கார்டை வாங்கினார். அதற்கு மேல் அந்த ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

ராமுத்தாய் ஒருத்திதான் வரிசையை விட்டு விலகிப் போய் வேலியோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். மூன்றாம் மாதத்தோடு நிற்க வேண்டிய மசக்கை அவளுக்கு நிற்கவே இல்லை என்பதால், அவள் எதைப் பார்த்து முகம் சுளித்தாலும் ஊர் அதை மசக்கைக் கணக்கில் சேர்த்துவிடும். "அவளுக்கென்ன, மசக்கைக்காரி, சாமி பிரசாதத்தைக் கூடத்தான் நாறுதும்பா" என்று சொல்லிவிட்டால் போதும், அவள் சொன்னதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வயிறு கத்தாத ஒரே ஆள் அவள்தான். அந்தக் கறியை அவள் தின்னவில்லை.

அவள் புருஷன் மொக்கராசு ஊருக்கே குரல்காரன். நெட்டூத்தில் துப்பாக்கி பிடிப்பவன் பெரிய ஆள் இல்லை, குரல்காரன்தான் பெரிய ஆள், ஏனென்றால் அவர்கள் மானைத் தேடிப் போகிறவர்கள் இல்லை, வரவழைக்கிறவர்கள். ஒரு பச்சை இலையை மடித்து இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே கொடுத்து அவன் ஊதினால், கொடியில் கால் மாட்டிக்கொண்ட குட்டி ஒன்று தாயைத் தேடிக் கதறுவது போலவே இருக்கும். அந்தக் குரலுக்குக் கொம்புமான் வராது, மலட்டு மான் வராது, மடியில் பாலோடு திரிகிற தாய்மான் மட்டும்தான் வரும், தன் குட்டி தன் காலடியிலேயே நின்றாலும் அதை விட்டுவிட்டு வரும், புதருக்குள் மனுஷ வாடை அடிப்பது தெரிந்தும் வரும், துப்பாக்கிக் குழாயைக் கண்ணால் பார்த்த பிறகும் இன்னும் இரண்டடி வரும். கல்யாணமான புதிதில் மொக்கராசு இதை ராமுத்தாயிடம் பெருமையாகச் சொல்லி, "கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும்டி, உன்னைய மாதிரி" என்று சிரித்தான், அவளும் கூடச் சிரித்துத் தொலைத்தாள். இப்போது அதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை வந்த மானும் அப்படி வந்ததுதான். ஓடைக்கரையில் இருக்கிற பங்குப்பாறையில் அதைக் கிடத்தி, பங்கு பிரிக்கிற சுருளியப்பன், அவர் மொக்கராசுவுக்குச் சின்னையா முறை, கத்தியை அடிவயிற்றில் வைத்து இழுத்தபோது மடி அறுபட்டுப் பால் பீய்ச்சி அடித்தது; பாறையில் தேங்கி நின்ற ரத்தத்தில் அந்தப் பால் கலந்து, ரோஸ் கலரில், நுரையோடு, இளஞ்சூடாக, சுற்றி நின்றவர்களின் கால்விரல் இடுக்குவரை ஓடி வந்தது. "பாலும் கறியும் ஒண்ணாவே வந்திருக்குடா, அதிர்ஷ்டம்" என்றார் சுருளியப்பன். ஒருவர் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, இனிக்கிறது என்றார். ராமுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெட்டூத்துப் பங்கு என்றால் சும்மா இல்லை, அதில் அப்படி ஒரு நேர்மை. தலைக்கு ஒரு பங்கு, தேக்கிலையில் வைத்து, கிழவனுக்கும் குழந்தைக்கும் ஒரே அளவு, மோப்பம் பிடித்த நாய்க்கு அரைப் பங்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் இரண்டு இலை. பெரிய இலை அவளுக்கு, சின்ன இலை உள்ளே இருப்பதற்கு. அந்தச் சின்ன இலைக்குப் பெயர் வயிற்றுப் பங்கு. அதைத் தாயானவள் தன் கையாலேயே பாறையிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்த அன்றிலிருந்துதான் அந்தப் பிள்ளை ஊரில் ஒரு தலையாக எண்ணப்படும், எடுக்காவிட்டால் அது எண்ணாத பிள்ளை. பிறந்தாலும் ஊர் வந்து பார்க்காது, செத்தாலும் ஊர் வந்து தூக்காது.

ராமுத்தாய் சின்ன இலையைப் பார்த்தாள். அதில் இருந்தது மடிக்கறி. பால் இன்னும் துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்தது.

"எடு ஆத்தா, ஊரே பாத்துக்கிட்டு நிக்குதுல்ல" என்றாள் மாமியார் அங்கம்மா.

"எனக்கு வேணாம் அத்தே. கொமட்டுது."

"உனக்குக் கொமட்டுனா உன் பங்கை நான் திங்கிறேன். பிள்ளை பங்கை வேணாம்ங்க நீ யாரு?"

"அது ஒரு பிள்ளைக்குச் சொரந்த பாலு அத்தே. அதை இன்னொரு பிள்ளைக்கு எப்படிக் குடுக்கிறது?"

அங்கம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். ஊர் முணுமுணுத்தது. அப்போதுதான் மொக்கராசு, பெண்டாட்டி கொடுத்த அவமானத்தைத் துடைக்கிறேன் பேர்வழி என்று, நெட்டூத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தான்: முன்னே போய் அந்தச் சின்ன இலையைத் தானே எடுத்து, "என் பிள்ளை பங்கை நான் திங்கிறேன், எந்த வயித்துக்குள்ள போனா என்ன" என்று சொல்லி, வீட்டுக்குக் கொண்டுபோய் மிளகு போட்டு வறுத்து, எலும்பில்லாத கறி என்று ரசித்துத் தின்றான். தாய் எடுக்க வேண்டிய பங்கை அப்பன் எடுத்ததாக அந்த ஊரில் அதற்கு முன்னால் கேள்விப்பட்டவர்கள் இல்லை.

ஆகவே அந்தப் புதன்கிழமை ஊர் வயிறெல்லாம் ‘ம்யீ’ என்று கத்தியபோது, மொக்கராசுவின் வயிறு மட்டும் ‘ங்ஙா’ என்று அழுதது. பச்சைப் பிள்ளை அழுகை. வேலியோரமாக வாயைத் துடைத்துக்கொண்டிருந்த ராமுத்தாய்க்கு இரண்டு தெரு தாண்டி அது கேட்டது; மார்பு சுட்டது, ஐந்தாம் மாதத்திலேயே ரவிக்கை நனைந்தது, சீனிப்பையைப் போட்டது போட்டபடி அவள் கால்கள் ஓடின, ஓடி வந்து கட்டிலில் உட்கார்ந்து புட்டுத் தின்றுகொண்டிருந்த புருஷன் முன்னால் ரவிக்கைக் கொக்கியில் கையை வைத்தபடி மூச்சு வாங்க நின்றாள்.

"எங்கடி போன? தண்ணி எடு" என்றான் மொக்கராசு.

அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் தன் வயிற்றைத் தொட்டாள். உள்ளே பிள்ளை அசைந்தது, ஆனால் அதன் குரல் அங்கே இல்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

மான்கள் வெள்ளிக்கிழமையிலிருந்து வர ஆரம்பித்தன. காட்டுக்குப் போக வேண்டாம், இலை பறிக்க வேண்டாம், புதருக்குள் கொசுக்கடி வேண்டாம். வயிறு கத்தியது, தாய்மான்கள் பட்டப்பகலில் டவுன்பஸ் ரோட்டைத் தாண்டி, மருந்துத் தெளிப்பான் வாடகைக்கு விடுகிற கடையைத் தாண்டி, தெருவுக்குள் நடந்து வந்து, எந்த வீட்டு வயிறு கத்துகிறதோ அந்த வீட்டு வாசலில் நின்றன. கட்டிலில் படுத்திருக்கிறவனின் தொப்புளை நாக்கால் நக்கின. வாசல் கோலத்தில் பால் சொட்டியது. படுத்திருக்கிறவன் கூச்சத்தில் சிரித்துக்கொண்டே ஒரு கையால் அதன் கழுத்தைத் தடவிக் கொடுப்பான், இன்னொரு கையால் கட்டிலுக்கு அடியில் கத்தியைத் துழாவுவான். முதல் வாரம் எழுந்து நின்று வெட்டினார்கள், இரண்டாவது வாரம் உட்கார்ந்தபடி வெட்டினார்கள், மூன்றாவது வாரம் படுத்தபடியே வெட்டக் கற்றுக்கொண்டார்கள்.

ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்பார்கள். இங்கே உறியே இறங்கி வந்து வாயில் உட்கார்ந்தது. ஊர் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது, மாற்றிக்கொள்வதில் நெட்டூத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். காலையில் வெறும் வயிற்றில் மோர் குடித்தால் குரல் தெளிவாக வருகிறது என்று ஒருத்தி கண்டுபிடித்தாள், பூண்டு சேர்த்தால் கரகரக்கிறது என்று இன்னொருத்தி சொன்னாள். அடுத்தவன் வயிற்றுக்கு வந்த மானைக் கையசைத்துக் கூப்பிடுவது மரியாதைக்கேடு என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். எழவு வீட்டுக்குப் போகிறவர்கள் வயிற்றில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு போனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணுக்கு வயிறு நல்லாப் பேசுமா?" என்று கேட்டார்கள், பெண்ணின் அம்மா வெட்கத்தோடு "விடிஞ்சா ரெண்டு வந்து நிக்கும்" என்றாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை, வயிறே ‘ம்யீ’ சொல்ல, அவர் வருகைப் பதிவு போட்டார். காட்டிலாகா வாட்சர் ஒருவர் புகார் கேட்டு விசாரிக்க வந்தார், வந்த மனுஷனைச் சாப்பிடாமல் அனுப்புகிற ஊரா இது, சாயங்காலம் அவர் சைக்கிளை மிதித்துப் போகும்போது அவர் வயிறும் கத்திக்கொண்டே போனது, பின்னாலேயே ஒரு மானும் போனது.

ராமுத்தாய்க்கு எல்லாவற்றிலும் நாற்றம் அடித்தது. சாக்கடையில் பாலும் ரத்தமும் திரிந்து கட்டிகட்டியாக மிதந்தது, அதன் மேல் ஈ மொய்த்தது, அந்த ஈ வந்து சோற்றில் உட்கார்ந்தது. தெருநாய்கள் தின்று தின்று குரைப்பதையே விட்டுவிட்டன. கையைக் கழுவாமல் பிள்ளைக்கு ஊட்டினார்கள், நகக்கண்ணில் கருரத்தத்தோடு பூக் கட்டினார்கள், ஏப்பம் விட்டால் மடிவாடை வந்தது. எல்லாவற்றையும்விட அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது அவர்கள் முகம். மான் வந்து நாக்கை நீட்டி நக்கும்போது அந்த முகங்களில் வருகிற சொகுசு, தாய்மடியில் கிடக்கிற பிள்ளைக்கு வருகிற அதே சொகுசு, அது மாறாமலே கத்தி இறங்கும். "பாவம்ல" என்றுகூடச் சிலர் சொல்வார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். சொல்லிவிட்டு ஈரலை யார் எடுத்துக்கொள்வது என்று கேட்பார்கள்.

ஏழாம் மாதம் வீட்டுக்குச் சோதனைக்கு வந்த நர்ஸ் பிரிசில்லா, ராமுத்தாயின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இதயத்துடிப்பு நல்லா இருக்கும்மா, கவலைப்படாதே" என்றாள்.

"துடிப்பு இருக்கு சிஸ்டர். குரல் இருக்கா?"

"பிறந்தாதானம்மா அழும்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையிலிருந்து ‘ங்ஙா’ என்று கேட்டது. ராமுத்தாய் பாயிலிருந்து எழுந்து ஓடினாள், சேலையைக்கூட இழுத்து மூடாமல் ஓடினாள். நர்ஸ் எட்டிப் பார்த்தபோது மொக்கராசு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான், அவள் அவன் முன்னால் ரவிக்கை நனைந்து நின்றுகொண்டிருந்தாள், "அந்தச் சுண்ணாம்பு டப்பாவை எடு" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நர்ஸ் தன் பையை மாட்டிக்கொண்டு போனாள். அதன் பிறகு அந்தப் பக்கம் அவள் வரவில்லை.

இப்படித்தான் அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான். ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் குடித்தால் வயிறு அழும், அழுதால் அவள் வருவாள், ஊற்றிலிருந்து வருவாள், விறகுச் சுமையைப் போட்டுவிட்டு வருவாள், குளித்துக்கொண்டிருந்தால் ஈரத்தோடு வருவாள். ஒருமுறை அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று பஸ் ஏறி மூன்று மைல் போனாள். எப்படிக் கேட்டதோ கேட்டது, ஓடுகிற பஸ்ஸின் கம்பியைப் பிடித்துத் தொங்கிக் குதித்து, முழங்கால் தேய, ரோட்டோடு ஓடி வந்து நின்றாள். அவன் சட்டைக்குப் பொத்தான் தைக்கக் கூப்பிட்டிருந்தான். ஊசியில் நூல் கோர்க்கும்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது: பிள்ளை ஊமையாகத்தான் பிறக்கும், அதன் குரல் இவன் வயிற்றிலேயே கிடக்கும், அந்தக் குரல் இருக்கிறவரை தனக்கும் பிள்ளைக்கும் இவன் வாசலை விட்டு விடுதலை கிடையாது.

எட்டாம் மாதம் மான்கள் நின்றுபோயின. காட்டில் தாய் என்று ஒன்று மிச்சம் இருந்தால்தானே வரும். பத்து நாள் ஊர் வயிறு கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது, பங்குப்பாறை காய்ந்து போனது, கத்திகளில் துரு ஏறியது. பதினோராம் நாள் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தபோது சுருளியப்பன் மொக்கராசுவின் வயிற்றைப் பார்த்தார்.

"ஏப்பா, உன் வயிறு வேற மாதிரில அழுகுது. அதுக்கு என்ன வரும்?"

"ராமுத்தாய் வருவா."

"அவ உன் பொண்டாட்டி, வருவா. வேற யாரு வருவாங்கிறேன்."

"தெரியலையே சின்னையா."

"சும்மா அழுகவிட்டுப் பாப்பமே."

சும்மாதான் பார்த்தார்கள். மொக்கராசு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து ரோட்டோரம் படுத்தான், வயிறு மலைக்குக் கேட்கிற மாதிரி அழுதது. முதலில் ராமுத்தாய் வந்தாள். மத்தியானம் காத்தாயி வந்தாள். சுருளியப்பனின் அடி தாங்காமல் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிப்போன அவருடைய பெண்டாட்டி, முதுகில் கொழுந்துக் கூடையோடு, செருப்பில்லாமல், ரவிக்கை நனைந்து வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், எந்த ஊர் என்று தெரியாத இரண்டு பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஏன் இறங்கினோம் என்று தெரியாமல் நின்றார்கள். ஆண்கள் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார்கள், மேலிருந்து கீழே பார்த்தார்கள், கொழுத்திருக்கிறதா, எலும்பா என்று வாசலில் நின்ற மானைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "கூப்பிட்ட குரலுக்கு வந்துட்டா பாரு, பன்னெண்டு வருசம் கழிச்சு" என்று சுருளியப்பன் சிரித்தார். ராமுத்தாய் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

மறுநாள் காலையில், வந்தவர்களை என்ன செய்வது என்று முடிவு செய்யப் பங்குப்பாறையில் ஊர் கூடியது. காத்தாயியும் மற்ற இருவரும் ஒரு ஓரமாக நின்றார்கள், மொக்கராசுவின் வயிறு அழுகிறவரை அவர்களால் நகர முடியாது. சுருளியப்பன் பாறையைக் கழுவிவிட்டு, பழக்கதோஷத்தில் மூன்று தேக்கிலையை எடுத்து வரிசையாகப் போட்டார். போட்டபிறகு அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்ததோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டார், ஆனால் இலைகளை எடுக்கவில்லை.

ராமுத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சின்ன மாமா, பங்கு கேட்டு வந்தவளுக்கு இல்லேன்னு சொல்லலாமா?"

"சொல்லக்கூடாது ஆத்தா. சொன்னா பாறை ரெண்டாப் பொளந்துரும்."

"அப்ப என் வயித்துப் பங்கைக் குடுங்க. அன்னைக்கு நான் எடுக்கலை. இன்னைக்கு எடுத்துக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. "மூணு மாசத்துக்கு முன்னாடி தின்னதை இப்ப எங்க போய்த் தேடுறது? ஓடைக்கரையிலயா?" என்று ஒருவன் கேட்க, இன்னும் சிரித்தது.

"எதுக்குத் தேடணும்? அது கரையலை. அந்தா, உள்ள கெடந்து தினம் அழுகுதுல்ல" என்றாள் ராமுத்தாய், புருஷனின் வயிற்றைக் காட்டி.

சிரிப்பு நின்றது. சுருளியப்பன் பங்குக்காரர், பெண்டாட்டியை அடிப்பார், மானின் மடியை அறுப்பார், ஆனால் பங்கில் பிசகமாட்டார். அவருக்கு அந்த ஒரு நேர்மைதான் மிச்சம் இருந்தது. "கேக்குறது நாயம்தான். குடுத்துரு மொக்கா" என்றார்.

"எப்படிக் குடுக்கிறது?" என்றான் மொக்கராசு, பல்லைக் காட்டிக்கொண்டு.

ராமுத்தாய் அவன் காதருகே போனாள். போய், மூன்று மாதமாகத் தனக்குள் கிடந்த குமட்டலை எல்லாம் அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.

"நீ தின்னது மடி மாமா. அதுல பாலு இருந்துச்சு. அந்தப் பாலைக் குடிக்கிறதுக்கு ஒரு குட்டி புதருக்குள்ள நின்னுச்சு, அதோட வாயி அந்த மடியிலதான் பழகுன வாயி, அதோட எச்சி அதுல காயாம இருந்துச்சு, அதைத்தான் மொளகு போட்டு வறுத்த. சட்டியில வறுபடுறப்ப பாலு திரிஞ்சு வெள்ளை வெள்ளையாக் கட்டுச்சு, கொழுப்புன்னு நெனச்சு வழிச்சு நக்குனியே, அது கொழுப்பு இல்ல. உன் ஆத்தா தொப்புளை நக்குச்சே ஒண்ணு, அது நாக்கு எம்புட்டு வெதுவெதுன்னு இருந்துச்சு, அந்த நாக்கையே சாயங்காலம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தின்ன. உன் பல்லிடுக்குல மயிரு இருக்கு. உன் மீசையில காஞ்ச பாலு இருக்கு. நீ என்னையக் கூப்பிட்டு முத்தம் குடுக்கிறப்ப செத்த தாய் வாடை அடிக்குது மாமா, ஒரு தாய் இல்ல, நாப்பது தாய் வாடை..."

மொக்கராசு முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பை முகத்தில் வைத்திருந்தான், பிறகு அவன் தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது. சுற்றி நின்றவர்களுக்கும் ஏறி இறங்கியது. அங்கம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொருவராக எல்லோரும் வாயை இரண்டு கையாலும் அடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள், எங்கே தங்கள் வயிற்றுக் குரலும் வெளியே வந்து விழுந்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம், மானே இல்லாத ஊரிலும் அந்தக் குரலை விட அவர்களுக்கு மனசில்லை. மொக்கராசுவின் வாயை அடைக்க மட்டும் ராமுத்தாய் விடவில்லை. அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள், அவன் முழங்காலில் விழுந்தான், கண் பிதுங்கியது, சின்ன இலையை அவள் சரியாக அவன் வாய்க்குக் கீழே பிடித்தாள்.

கட்டைவிரல் கனத்தில் ஒரு துண்டு விழுந்தது. அன்று அறுத்ததைப் போல அப்படியே இருந்தது, கோழையும் எச்சிலும் சுற்றி, ஒரு பக்கம் மிளகு ஒட்டி, துளித்துளியாகப் பால் கசிந்துகொண்டு. இலையில் கிடந்து ‘ங்ஙா’ என்று அழுதது.

ராமுத்தாய்க்கு உடம்பெல்லாம் கூசியது. நெட்டூத்தில் அவள் தின்ன மாட்டேன் என்று சொன்னது ஒன்றே ஒன்றைத்தான், அதுவும் அப்போது சுத்தமாக இருந்தது, இப்போது அவன் வயிற்றில் மூன்று மாதம் கிடந்துவிட்டு வந்திருக்கிறது. ஓடையில் கழுவலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், கழுவினால் குரலும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தாள். பிறகு முகத்தைச் சுளிக்காமல், மூக்கைப் பிடிக்காமல், தன் கையாலேயே எடுத்து வாயில் போட்டாள். மெல்லவில்லை. அது தொண்டையில் அழுதுகொண்டே இறங்கியது, நெஞ்சில் அழுதது, வயிற்றுக்குப் போனதும் அழுகை நின்றது, உள்ளே பிள்ளை ஒரு உதை விட்டது. மேலே வந்த ஓங்கரிப்பை அவள் பல்லைக் கடித்து அடக்கினாள். இது ஒன்றை மட்டும் வாந்தி எடுக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

ஊர் கைதட்டியது. "எடுத்துட்டாப்பா! நம்ம ஊருப் பிள்ளைதான், எண்ணிக்கோங்க" என்று சுருளியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூற்றுப் பதின்மூன்று, நூற்றுப் பதினான்கு என்று யாரோ எண்ணினார்கள். அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே காத்தாயியும் மற்ற இரண்டு பெண்களும் தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் போலத் தங்கள் நனைந்த ரவிக்கையைப் பார்த்தார்கள், பாறையில் கிடந்த மூன்று இலையைப் பார்த்தார்கள், ரோட்டைப் பார்த்து நடந்தார்கள். ராமுத்தாய் அவர்களோடு நடந்தாள்.

பதினோரு மணி பஸ் நின்றுகொண்டிருந்தது. ராமுத்தாய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்தில் காத்தாயி கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். மொக்கராசு பின்னாலேயே ஓடி வந்தான், பாதி வழியில் வயிற்றைத் தட்டினான், தண்ணீர்ப் பந்தலில் ஒரு சொம்பு குடித்துவிட்டு மறுபடி தட்டினான், சத்தமே இல்லை. "வாடி ராமுத்தாய்" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான், மூன்று மாதத்தில் முதல் தடவையாக. அவள் கால் அசையவில்லை, அது அவளுக்கே புதிதாக இருந்தது. அவன் ரோட்டு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான், உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். எதையும் ஊதாமல், எதையும் குடிக்காமல், வாயைத் திறந்து, மூக்கு ஒழுக, சொந்தக் குரலில் அழுதான். அந்த அழுகையில் சூது எதுவும் இல்லை. ராமுத்தாய்க்கு அது தெரிந்தது, தெரிந்தும் அவள் இறங்கவில்லை.

ஆனால் ஓடைப் பக்கமிருந்து யாரோ ஓடி வந்தார்கள். கொண்டை அவிழ்ந்து, முள்ளையும் கல்லையும் பார்க்காமல், அறுபது வயதுக் காலை இழுத்துக்கொண்டு அங்கம்மா ஓடி வந்தாள், கண்ணில் மகனைத் தவிர வேறு எதுவும் படவில்லை, வற்றிப்போய் முப்பது வருஷமான மார்பில் ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. வந்து அவன் முன்னால் நின்று, கொக்கியில் கையை வைத்தபடி, "என்னய்யா ராசா, பசிக்குதா?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பின்னாலேயே ஊரும் வந்திருந்தது. பத்து நாளுக்கு மேலாகக் கறி பார்க்காத ஊர். டிரைவர் கியரைப் போட்டு பஸ் நகர்ந்தபோது ராமுத்தாய் ஜன்னல் வழியே கடைசியாகப் பார்த்தது, அழுகிற குரலுக்கு வந்து நிற்கிற அந்தத் தாயை, பால் சொட்டுகிற அந்த மடியை, சுருளியப்பன் ஒரு நொடி வெறித்துப் பார்த்ததையும், அவருடைய கை அவருக்கே தெரியாமல் இடுப்பில் இருந்த கத்திக்குப் போனதையும்தான்.